ஈ-தக்சலாவ: வீட்டில் படிப்பிக்கும் மலையகப் பெற்றோருக்கு

இலங்கைக் கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ இணையத்தளம், தரம் 1 முதல் 13 வரையான பாடங்களைத் தமிழ், சிங்களம், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளிலும் கட்டணமின்றித் தருகின்றது. ஹட்டன் பகுதியில், தனியார் வகுப்புக்கு அனுப்ப வசதியில்லாத தோட்டக் குடும்பங்களுக்கு இது பெருந்துணை என்றே கருதுகின்றேன். கொழுந்து பறித்துவிட்டு மாலையில் திரும்பும் தாய், பாடநூல்களையும் கடந்தகால வினாத்தாள்களையும் சிக்னல் கிடைக்கும் இடத்திலேயே கைபேசியில் தரவிறக்கிக்கொண்டால், லயன் அறையில் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டில்) இணையமின்றியே பிள்ளையை அருகில் இருத்திப் படிப்பிக்கலாம். காணொளிகள் டேட்டாவை விரைவில் தீர்த்துவிடும். கணிதம் போன்ற, செய்து காட்ட வேண்டிய பாடங்களுக்கு மட்டும் அவற்றைப் பார்ப்பது நல்லது. சிறு திரையில் நெடுநேரம் வாசிப்பது சின்னப் பிள்ளைகளுக்குக் கடினம். ஆகவே, தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை வினாத்தாள்களையேனும் அச்சிட்டுக் கொடுங்கள். பென்சிலால் எழுதும்போதுதான் பிள்ளை எங்கே தடுமாறுகின்றது என்பது பெற்றோருக்குத் தெரியவருகின்றது.