மூன்று மொழிகளின் வழியே நிரல்மொழிகளைப் படித்தல்: டான் கிராஸ்மனின் இணையப் பாடநெறி

அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகப் பேராசிரியர் டான் கிராஸ்மன் கோர்செரா என்ற இணையக் கல்வித் தளத்தில் வழங்கும் ‘புரோகிராமிங் லாங்குவேஜஸ்’ பாடநெறியின் மூன்று பகுதிகளையும், வீட்டுப்பாடங்களை ஒன்றுவிடாமல் செய்து, அண்மையில் முடித்தேன். 2013இல் ஒரே பாடநெறியாகத் தொடங்கிய இது, பின்னர் ஏ, பி, சி என மூன்றாகப் பிரிக்கப்பட்டது. முதற்பகுதி ஸ்டாண்டர்ட் எம்எல் மொழியிலும், இரண்டாவது ராக்கெட்டிலும், மூன்றாவது ரூபியிலும் நடக்கிறது. முதலிரண்டு மொழிகளை வேலைக்கான நேர்காணலில் கேட்பவர்கள் மிகக் குறைவு என்பதால் பலர் தயங்குவார்கள். அந்தத் தயக்கத்தைத் தள்ளிவைத்துவிட்டுச் சேரலாம் என்பதே என் கருத்து.

மொழித் தேர்வுக்கு ஒரு தெளிவான காரணம் இருக்கிறது. எம்எல், எண், சரம் போன்ற தரவு வகைகளை நிரல் ஓடுவதற்கு முன்பே சரிபார்க்கும் செயற்கூற்று மொழி, அதாவது செயற்கூறுகளை (ஃபங்ஷன்) மையமாகக் கொண்ட மொழி. ராக்கெட் செயற்கூற்று மொழிதான் என்றாலும், வகைகளை ஓடும்போதுதான் பார்க்கும். ரூபி, ஓடும்போது வகை பார்க்கும் பொருள்நோக்கு (ஆப்ஜெக்ட் ஓரியண்டட்) மொழி. எஞ்சிய நான்காவது சேர்க்கையில், அதாவது ஓடுவதற்கு முன்பே வகை பார்க்கும் பொருள்நோக்கு மொழிகளில், ஜாவா போன்றவை வரும். அவை மாணவர்களுக்கு ஏற்கெனவே பழக்கமானவை என்பதால் தனியாகக் கற்பிக்கப்படுவதில்லை.

முதற்பகுதியின் முதல் வீட்டுப்பாடம், ஆண்டு, மாதம், நாள் என்ற மூன்று எண்களைக் கொண்ட தேதிகளை ஒப்பிடுவது. கேட்பதற்கு எளிதாக இருக்கும் இதை, மாறியின் மதிப்பை மாற்றாமல், லூப் எழுதாமல், செயற்கூறு தன்னைத்தானே அழைக்கும் தற்சுழற்சியால் (ரிக்கர்ஷன்) மட்டும் முடிக்க வேண்டியிருக்கும்போது, பல ஆண்டுகள் நிரல் எழுதியவருக்கும் கை சற்று நின்றுவிடுகிறது. அடுத்த வீட்டுப்பாடம் பட்டியலின் தலையையும் (முதல் உறுப்பு) வாலையும் (மீதி) எடுக்கும் செயற்கூறுகளையும் தடைசெய்துவிட்டு, தரவை அதன் வடிவத்தோடு பொருத்திப் பிரித்தெடுக்கும் பேட்டர்ன் மேட்சிங்கை மட்டும் அனுமதிக்கிறது. வரக்கூடிய வடிவங்களில் ஏதேனும் ஒன்றை நாம் எழுத மறந்தால் எம்எல் உடனே எச்சரிக்கிறது. அந்த எச்சரிக்கையின் அருமை, விடுபட்ட ஒரு நிலையைத் தேடி இரவெல்லாம் விழித்திருந்தவர்களுக்கு நன்றாகவே புரியும்.

ஆனால் இந்தப் பாடநெறியின் உயிர், க்ளோஷர் என்ற ஒரே கருத்தில் இருக்கிறது. எக்ஸ் என்ற பெயருக்கு 10 என்ற மதிப்பைத் தந்து, தனக்கு வரும் எண்ணோடு எக்ஸைக் கூட்டும் செயற்கூறு ஒன்றை வரையறுத்து, அதன் பிறகு எக்ஸ் என்ற அதே பெயரை 50 என்று புதிதாக அறிவித்தால், அந்தச் செயற்கூறு 1 என்ற எண்ணுக்கு 51 தராது, 11தான் தரும். செயற்கூறு தான் பிறந்த இடத்தின் சூழலை, அதாவது அங்கிருந்த பெயர்களையும் மதிப்புகளையும், கூடவே சுமந்து செல்கிறது; இந்தச் சேர்க்கையே க்ளோஷர். அழைக்கப்படும் இடத்தின் சூழலை அது பார்ப்பதில்லை. முதற்பகுதியில் இந்த விதியைப் பயன்படுத்துபவராக இருக்கிறோம். இரண்டாம் பகுதியில் வரும், பாடநெறியின் ஐந்தாவது வீட்டுப்பாடத்தில், ‘மப்புல்’ என்ற சிறிய கற்பனை மொழிக்கு ராக்கெட்டில் இண்டர்பிரெட்டர் (நிரலைப் படித்து இயக்கும் நிரல்) எழுதும்போது, அதே விதியை நாமே கட்டியெழுப்புகிறோம். செயற்கூறு மதிப்பிடப்படும் கணத்தில் அதனோடு அப்போதைய சூழலையும் சேர்த்து ஒரு க்ளோஷராக வைக்க வேண்டும். பின்பு அது அழைக்கப்படும்போது, சேமித்த அந்தச் சூழலையே எடுத்து, அதில் வந்த மதிப்பையும் செயற்கூற்றின் சொந்தப் பெயரையும் சேர்த்து நீட்டிக்க வேண்டும். சொந்தப் பெயரைச் சேர்க்க மறந்தால் தற்சுழற்சி வேலை செய்யாது. நான் முதலில் அழைக்கும் இடத்தின் சூழலையே நீட்டித்துவிட்டு, சோதனைகள் ஏன் தவறுகின்றன என்று ஒரு மாலை முழுவதும் குழம்பினேன். பிழை பிடிபட்டபோது, ஜாவாஸ்கிரிப்டில் ஆண்டுக்கணக்கில் பொருள் புரியாமல் எழுதிவந்த எத்தனையோ வரிகள் ஒரேயடியாக விளங்கின. விருப்பப் பயிற்சியாக, செயற்கூற்றுக்கு உண்மையில் தேவைப்படும் பெயர்களை மட்டும் சேமிக்கும் க்ளோஷரையும் எழுதச் சொல்கிறார்கள். அதை யாரும் தவிர்க்க வேண்டாம்.

மூன்றாம் பகுதியில் எனக்குப் பிடித்தது ஒரு சாதாரண அட்டவணை. கிடைவரிசைகளில் தரவு வகைகள், நெடுவரிசைகளில் அவற்றின் மேல் செய்யும் செயல்கள். செயற்கூற்று மொழி இதை நெடுவரிசை நெடுவரிசையாகவும், பொருள்நோக்கு மொழி கிடைவரிசை கிடைவரிசையாகவும் நிரப்புகிறது. எனவே புதிய செயலைச் சேர்ப்பது ஒன்றில் எளிது, புதிய வகையைச் சேர்ப்பது மற்றதில் எளிது. புள்ளி, கோடு, கோட்டுத்துண்டு ஆகியவை வெட்டிக்கொள்ளும் இடத்தைக் காணும் நிரலை எம்எல், ரூபி இரண்டிலும் எழுத வைத்து, இதைக் கையாலேயே உணரச் செய்கிறார் கிராஸ்மன். டெட்ரிஸ் விளையாட்டை விரிவாக்கும் வீட்டுப்பாடம் இன்பமானது, ஆனால் அதில் புதிதாகக் கற்பதற்குக் குறைவே.

கம்பைலர் எழுதக் கற்க விரும்பி வருபவர்கள் ஏமாறுவார்கள். மப்புல் நிரல்களை மரவடிவிலேயே நேரடியாக எழுதுவதால், உரையை மரவடிவாக மாற்றும் பார்சர் இல்லை. குறியீட்டு உருவாக்கம், நினைவக மேலாண்மை, ஒருங்கியக்கம் (கன்கரன்ஸி) ஆகியவையும் இல்லை. வேறேதேனும் ஒரு மொழியில் ஓரளவு நிரல் எழுதிப் பழகாதவர்களுக்கும் இது ஏற்றதல்ல. ஒவ்வொரு பகுதிக்கும் விரிவான எழுத்துக் குறிப்புகள் தரப்படுகின்றன. ஆங்கில விரிவுரையை அதே வேகத்தில் பின்தொடர இயலாதவர்கள் குறிப்புகளை முதலில் வாசித்துவிட்டுக் காணொளிக்குச் செல்லலாம்; க்ளோஷர் பற்றிய பாடங்களை நான் அவ்வாறே படித்தேன்.