எஃப்டி-101இ, டிஎஸ்-520எஸ், ஐசி-735: மூன்று பழைய ரிக்குகள், மூன்று விதப் பழுதுகள்

யாயெசுவின் எஃப்டி-101இ, கென்வுட்டின் டிஎஸ்-520எஸ், ஐகாமின் ஐசி-735. கைமாறி வரும் பழைய ஹாம் ரிக்குகளில் (அமெச்சூர் வானொலி செட்டுகள்) அடிக்கடி கண்ணில் படுபவை இவை. முதல் இரண்டும் 1970-களின் ஹைப்ரிட் செட்டுகள். ஆன்டெனாவுக்குப் பவர் தரும் கடைசி நிலையான பைனலும், அதற்கு முன்நிலையான டிரைவரும் மட்டும் வால்வு, மற்றதெல்லாம் டிரான்சிஸ்டர். ஐசி-735 வந்தது 1985-இல். அதில் வால்வே கிடையாது. விஎஃப்ஓ (குமிழால் பிரீக்வென்சியை மாற்றும் ஆஸிலேட்டர்) இருந்த இடத்தில் பிஎல்எல் சின்தசைசர் (பிரீக்வென்சியை மின்னணு முறையில் உருவாக்கிப் பிடித்துவைக்கும் சுற்று), அதை ஆட்டுவிக்க ஒரு மைக்ரோபிராசசர்.

மூன்றும் சுமார் 100 வாட் வெளியே தள்ளும். ஆன்டெனா நன்றாக இருந்தால் மூன்றிலும் கண்டம் தாண்டிப் பேசலாம். அதனால் ஸ்பெசிபிகேஷனை வரிசையாக அடுக்கி ஒப்பிடுவதில் பெரிய பயனில்லை. நாற்பது, ஐம்பது வயதான பெட்டியில் எது போகும், போனால் நம் மேசையில் வைத்தே சரிசெய்ய முடியுமா என்று பார்ப்பதே உபயோகம். அந்தக் கணக்கில் எங்கள் ஓட்டு டிஎஸ்-520எஸ்-க்கு. காரணம் பைனலிலேயே தொடங்குகிறது.

பைனல் வால்வு

எஃப்டி-101இ-இல் இருப்பவை இரண்டு 6ஜேஎஸ்6சி. அடிப்படையில் இது டிவி பெட்டிகளின் கிடைமட்ட ஸ்வீப்புக்காகச் செய்யப்பட்ட வால்வு. வால்வு டிவிகள் ஒழிந்ததும் உற்பத்தி நின்றது. இன்று கிடைப்பது பழைய இருப்பு மட்டுமே. ஜோடி பொருந்தியதாகவும் இருக்க வேண்டும். ஒன்று அதிகம் இழுத்து மற்றொன்று சும்மா இருந்தால், இழுப்பது சீக்கிரம் போய்விடும். இன்னொரு சிக்கல் பிராண்டு. செட்டோடு வந்தவை ஜப்பானியத் தயாரிப்பு. வேறு தயாரிப்பைப் போட்டால் உள் கெபாசிட்டன்ஸ் மாறுவதால், டிரிம்மரை எந்தப் பக்கம் திருப்பினாலும் நியூட்ரலைசேஷன் (வால்வின் வெளியீடு உள்ளீட்டுக்குத் திரும்பக் கசிவதை ஈடுகட்டும் சரிப்படுத்தல்) கிடைக்காமல் போகலாம். அப்போது அந்தச் சுற்றில் உள்ள நிலையான கெபாசிட்டரையே மாற்ற வேண்டும்.

டிஎஸ்-520எஸ்-இல் இரண்டு எஸ்2001ஏ. அது 6146பி-க்கு இணையானது. 6146 குடும்பம் டிரான்ஸ்மிட்டருக்கென்றே பிறந்தது. ராணுவ, வணிகக் கருவிகளில் பல பத்தாண்டுகள் ஓடியதால் கையிருப்பு தாராளம். சாதாரண எட்டு முள் ஆக்டல் சாக்கெட். 6ஜேஎஸ்6சி-க்கோ பன்னிரண்டு முள் காம்பேக்ட்ரான். ஒரு எச்சரிக்கை: பழைய 6146-ஐயும் 6146பி-யையும் கலந்து ஜோடி சேர்க்கக் கூடாது. எதைப் போட்டாலும் ஜோடியாகப் போட்டு நியூட்ரலைஸ் செய்தாக வேண்டும்.

டிரைவர் இரண்டிலும் 12பிஒய்7ஏ. ஒரே வால்வை இரண்டு செட்டுக்கும் உபரியாக வைத்துக்கொள்ளலாம்.

எஃப்டி-101இ-இல் பிளேட்டில் (வால்வின் பாசிட்டிவ் முனை) வோல்டேஜ் சுமார் 600, டிஎஸ்-520எஸ்-இல் சுமார் 800. இரண்டுமே உயிரை எடுக்கும். மூடியைத் திறக்கும் முன் பிளக்கைப் பிடுங்குங்கள். சில நிமிடம் பொறுத்து, காப்பிடப்பட்ட கைப்பிடியில் கட்டிய 10 வாட் ரெசிஸ்டர் வழியாக வடிகட்டுக் கெபாசிட்டர்களை இறக்குங்கள். பிறகு மீட்டரில் பூஜ்யம் என்று பாருங்கள். அணைத்ததும் கெபாசிட்டர்களை வடிக்கும் பிளீடர் ரெசிஸ்டர் அறுந்திருந்தால் மின்னழுத்தம் நெடுநேரம் தங்கும். "அணைத்தாயிற்றே" என்று நம்பிக் கை வைப்பதுதான் விபத்து.

பைனலைக் கொல்லும் சின்னக் கெபாசிட்டர்

இரண்டு ஹைப்ரிட்டிலும் உள்ள பொதுவான ஆபத்து இது. இதைத் தெரியாமல் வாங்குபவர்களே அதிகம். டிரைவரின் பிளேட்டில் சுமார் 300 வோல்ட் பாசிட்டிவ். பைனலின் கிரிடில் (வால்வின் கரண்டைக் கட்டுப்படுத்தும் முனை) அதை அடக்கிவைக்கும் நெகட்டிவ் வோல்டேஜ், அதாவது பயாஸ். இரண்டுக்கும் நடுவே சுவராக நிற்பது ஒரே ஒரு கப்ளிங் கெபாசிட்டர். வயதாகி அது கசியத் தொடங்கினால் கிரிட் பயாஸ் சுருங்கும், பிளேட் கரண்ட் ஏறும், பிளேட் சிவக்கும். கவனிக்காமல் விட்டால் வால்வு போகும், சில சமயம் பவர் டிரான்ஸ்பார்மரும் கூடவே போகும்.

அறிகுறி மீட்டரிலேயே தெரியும். மைக்கில் ஒலி இல்லாமல் டிரான்ஸ்மிட்டில் ஐட்லிங் கரண்ட் 60 மில்லி ஆம்பியர் என்று இரண்டு செட்டிலும் வைப்பது வழக்கம். அப்படி வைத்தது ஓரிரு நிமிடத்தில் 70, 80 என்று தானாக ஏறினால் உடனே நிறுத்துங்கள். கப்ளிங் கெபாசிட்டர் கசிகிறது, அல்லது வால்வுக்குள் காற்று புகுந்துவிட்டது. எது என்று பிரித்தறிய, பைனல் இரண்டையும் கழற்றிவிட்டு, 10 மெகா ஓம் உள்தடை கொண்ட மீட்டரால் பைனல் கிரிட் முள்ளில் வோல்டேஜ் பாருங்கள். செட் சூடாகச் சூடாக நெகட்டிவ் குறைந்தால் குற்றவாளி கெபாசிட்டர். அசையாமல் நின்றால் வால்வு. ஒன்றை மறக்க வேண்டாம்: வால்வைக் கழற்றினால் தலையில் மாட்டும் பிளேட் தொப்பிகள் முழு வோல்டேஜோடு தொங்கும். அவற்றைச் சேசிஸில் படாதபடி காப்பிட்டுக் கட்டிய பின்பே ஸ்விட்சைப் போட வேண்டும்.

சோதனையில் தேறினாலும் அந்தக் கெபாசிட்டரை மாற்றிவிடுவதே புத்திசாலித்தனம். அதே மதிப்பில், 1 கிலோவோல்ட் தாங்கும் சில்வர் மைக்கா அல்லது நல்ல செராமிக் போதும். அரை மணி நேர வேலை.

நெடுநாள் கிடந்த செட்டை எழுப்புவது

பல ஆண்டு தூங்கிய ஹைப்ரிட்டுக்கு ஒரேயடியாக முழு மின்சாரம் கொடுத்தால் எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர் வெடிக்கலாம். இரண்டு செட்டிலும் வால்வைச் சூடாக்கும் ஹீட்டருக்கு ஸ்விட்ச் தனியாக உண்டு. அதை அணைத்து வையுங்கள். 60 அல்லது 100 வாட் குண்டு பல்பைத் தொடராக இணைத்து இயக்குங்கள். பல்பு ஒரு கணம் பளிச்சிட்டு மங்கினால் நல்லது. பிரகாசமாகவே எரிந்தால் உள்ளே ஷார்ட். வேரியாக் (வோல்டேஜை ஏற்றி இறக்கும் டிரான்ஸ்பார்மர்) இருந்தால் இரண்டு, மூன்று மணி நேரத்தில் படிப்படியாக ஏற்றலாம். ரிசீவர் ஒழுங்காகப் பாடிய பிறகே ஹீட்டர்.

எஃப்டி-101இ-இல் ஹீட்டர் போட்டும் பைனல் எரியவில்லையா? வால்வைச் சந்தேகிக்கும் முன் பின்பக்க அக்சசரி சாக்கெட்டைப் பாருங்கள். பைனலின் ஹீட்டர் இணைப்பு அங்கே செருகும் ஜம்பர் பிளக் வழியாகத்தான் போகிறது. பிளக் தொலைந்த செட்டுகள் "வால்வு போச்சு" என்ற பெயரில் கைமாறுவதுண்டு.

நியூட்ரலைசேஷன்

வால்வு மாற்றினால் இதைத் தவிர்க்க முடியாது. இங்கே டிஎஸ்-520எஸ்-க்கு ஒரு வசதி உண்டு: பின்பக்கத்தில் ஸ்கிரீன் கிரிடை (பைனல் வால்வின் இரண்டாவது கிரிட்) துண்டிக்கும் ஸ்விட்ச். செட்டை 28 மெகாஹெர்ட்ஸில் வைத்து, டம்மி லோடில் (ஆன்டெனாவுக்குப் பதில் மாட்டும் ரெசிஸ்டர்) டிரைவை உச்சத்துக்குக் கொண்டுவந்து, ஸ்கிரீனை அணைத்துவிட்டு, ஆன்டெனா முனையில் கசிந்து வரும் ஆர்எஃப்-ஐ நுண்ணிய புரோபால் பாருங்கள். காப்பிட்ட டிரிம்மர் கருவியால் அது மிகக் குறையும் இடத்தில் நிறுத்துங்கள். பிறகு ஸ்கிரீனைப் போட்டுச் சரிபாருங்கள். பிளேட் குமிழைத் திருப்பும்போது கரண்ட் அடிமட்டத்தைத் தொடும் இடமும் வெளியீடு உச்சமாகும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டும். அவை இரண்டும் தள்ளித் தள்ளி வந்தால் நியூட்ரலைசேஷன் இன்னும் சரியில்லை என்று பொருள். எஃப்டி-101இ-க்கும் இந்தக் கடைசிச் சோதனை பொருந்தும்.

டியூன் செய்வது இரண்டிலும் ஒரே கைப்பழக்கம்: டிரைவ் உச்சம், பிளேட் டிப் (கரண்ட் அடிமட்டம்), லோடு கொஞ்சம் ஏற்று, மறுபடி டிப். ஒரு முயற்சி பத்து வினாடிக்கு மேல் போகக் கூடாது. இதில் 6ஜேஎஸ்6சி மிகவும் பொறுமையற்றது. ரெசொனன்ஸ் தவறிய நிலையில் முழு டிரைவோடு தடவிக்கொண்டிருந்தால் நிமிடக் கணக்கில் தீர்ந்துவிடும். 6146பி-யும் சாகும், ஆனால் கொஞ்சம் மன்னித்துப் பார்க்கும்.

போர்டுகள்

எஃப்டி-101இ-இன் பலம் அதன் செருகு போர்டுகள். ஐஎஃப், மாடுலேட்டர், ஆடியோ என்று ஒவ்வொன்றையும் உருவி எடுக்கலாம். சந்தேகத்துக்குரிய போர்டை இன்னொரு செட்டில் மாட்டிச் சோதிக்கலாம். அதே பலம்தான் அதன் நோயும். விளிம்புத் தொடர்புகள் கறுத்துப்போய், தட்டினால் வேலை செய்யும், தட்டாவிட்டால் செத்துப்போகும். எல்லாப் போர்டையும் உருவி, ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் விளிம்பையும் சாக்கெட்டையும் துடைத்து, நான்கைந்து முறை செருகி எடுத்தால் "மர்மப் பழுதுகள்" பெரும்பாலும் தீரும். எமரி தாளால் தேய்க்க வேண்டாம், மேல்பூச்சு போய்விடும்.

டிஎஸ்-520எஸ்-இல் போர்டுகள் திருகி, ஒயரால் கட்டப்பட்டவை. அடிப்பக்கத்தைப் பார்க்க அதிகம் கழற்ற வேண்டும், ஆனால் தொடர்புத் தொல்லை குறைவு. பேண்டு ஸ்விட்ச் வேஃபர்களும் ஆன்டெனா ரிலே முனைகளும் இரண்டு செட்டிலும் சுத்தம் கேட்கும். டிரான்ஸ்மிட்டிலிருந்து ரிசீவுக்கு வந்ததும் சிக்னல் மங்கி, ஒரு முறை மைக்கை அழுத்தி விட்டால் திரும்புகிறதென்றால், அது ரிலே.

ஐசி-735: மற்றொரு உலகம்

ஏறத்தாழ 5 கிலோ. ஹைப்ரிட்டுகள் 15, 16 கிலோ. 100 கிலோஹெர்ட்ஸிலிருந்து 30 மெகாஹெர்ட்ஸ் வரை எங்கும் கேட்கும். 1979 உலக மாநாட்டில் கிடைத்த 10, 18, 24 மெகாஹெர்ட்ஸ் பேண்டுகளிலும் டிரான்ஸ்மிட் செய்யும். எஃப்டி-101இ-யும் டிஎஸ்-520எஸ்-உம் அதற்கு முன் பிறந்தவை. அந்தப் பேண்டுகள் அவற்றில் இல்லை. ஹைப்ரிட்டும் வேண்டும், அந்தப் பேண்டுகளும் வேண்டும் என்றால் 6146பி போட்ட டிஎஸ்-830எஸ்-ஐத் தேடலாம்.

டியூன் செய்யத் தேவையில்லை என்பது ஐசி-735-இன் சுகம். பதிலுக்கு ஆன்டெனா ஒழுங்காக இருந்தாக வேண்டும். எஸ்டபிள்யூஆர் (ஆன்டெனா எவ்வளவு பொருந்தவில்லை என்பதன் அளவு) 2-ஐத் தாண்டினால் பாதுகாப்புச் சுற்று பவரைக் குறைத்துவிடும். ஹைப்ரிட்டின் பை நெட்வொர்க் (பிளேட், லோடு குமிழ்கள் உள்ள வெளியீட்டுச் சுற்று) அதைவிட மோசமான ஆன்டெனாவையும் ஓரளவு சமாளிக்கும்.

பழுது வந்தால்தான் நிலைமை தலைகீழ். சத்தத்தின் சுருதி திடீரென்று குதித்தால், அல்லது சில பேண்டுகள் மட்டும் ஊமையானால், முதலில் பிஎல்எல் பகுதியில் உள்ள டிரிம்மர் கெபாசிட்டர்களைச் சந்தேகியுங்கள். வயதில் அவை கெட்டுப்போகும். மாற்றுவது பெரிதல்ல. ஆனால் மாற்றிய பின் சர்வீஸ் மேனுவலை வைத்து லாக் வோல்டேஜ்களைத் திரும்ப அமைக்க வேண்டும். அதற்கு நல்ல மீட்டரும் பிரீக்வென்சி கவுன்டரும் தேவை. பவர் டிரான்சிஸ்டர் போனால் நிலைமை இன்னும் கடினம். உற்பத்தி நின்ற பழைய ஆர்எஃப் டிரான்சிஸ்டர்களில் போலிகள் ஏராளம்.

இங்கே ஒரு பயத்தைத் தெளிவுபடுத்த வேண்டும். "பழைய ஐகாமில் பேட்டரி செத்தால் ரேடியோவே செத்தது" என்று சொல்வார்கள். அது ஐசி-745, ஐசி-751 போன்றவற்றுக்கு உண்மை. அவற்றில் இயக்க புரோகிராமே லித்தியம் பேட்டரி தாங்கும் ராம் போர்டில் இருக்கிறது. ஐசி-735-இல் பேட்டரி போனால் மெமரிகள் மட்டும் அழியும், ரேடியோ இயங்கும். இதே காலத்து கென்வுட் டிஎஸ்-440எஸ்-ஐப் பார்ப்பவர்கள் வேறொன்றைக் கவனிக்க வேண்டும். டிஸ்பிளேயில் எண்ணுக்குப் பதில் புள்ளிகள் வந்தால் பிஎல்எல் லாக் ஆகவில்லை. பிஎல்எல்-இன் ஆஸிலேட்டரான விசிஓ மீது தொழிற்சாலையில் ஊற்றிய பசை காலப்போக்கில் மின்சாரத்தைக் கடத்தத் தொடங்குவது அதற்குப் பெயர்போன காரணம்.

எஃப்டி8-க்கு (கம்ப்யூட்டர் வழி டிஜிட்டல் மோடு) ஹைப்ரிட் தாங்குமா?

தாங்கும். டிஎஸ்-520எஸ்-இன் விஎஃப்ஓ நன்றாகச் சூடேறிய பின் அரை மணிக்கு 100 ஹெர்ட்ஸுக்குள் நகரும். ஒரு 15 வினாடி ஸ்லாட்டுக்கு அது ஒரு ஹெர்ட்ஸுக்கும் குறைவு. எஃப்டி8-இன் டோன் இடைவெளியோ 6.25 ஹெர்ட்ஸ். ஒரு மணி நேரம் முன்பே செட்டைப் போட்டு வைத்தால் போதும். கவலை பைனலைப் பற்றித்தான். ஒவ்வொரு முறையும் 12.64 வினாடி இடைவிடாத கேரியர் என்பது பேச்சைவிடக் கடுமை. வெளியீட்டை 30, 40 வாட்டில் நிறுத்துங்கள். பின்பக்க விசிறி சுழல்கிறதா என்று பாருங்கள். கம்ப்யூட்டர் கன்ட்ரோல் வேண்டுமென்றால் ஐசி-735 மட்டுமே. சாஃப்ட்வேரில் பொதுவான ஐகாம் என்று தேர்ந்தெடுக்காமல் 735 என்றே தேர்ந்தெடுக்க வேண்டும். மற்ற ஐகாம்கள் பிரீக்வென்சியை 5 பைட்டில் அனுப்ப, இது 4 பைட்டில் அனுப்புகிறது. வேகம் 1200 பாட், முகவரி 04.

யாருக்கு எது

சாலிடரிங் அயர்னும் மல்டிமீட்டரும் உள்ள, முதல் பழைய ரிக் தேடுபவருக்கு டிஎஸ்-520எஸ். ஏஎம்-இல் பேச ஆசையென்றால் எஃப்டி-101இ. டிஎஸ்-520எஸ்-இல் ஏஎம் கிடையாது. ஆனால் செட்டோடு ஒரு நல்ல உபரி 6ஜேஎஸ்6சி ஜோடியும் கிடைத்தால் மட்டும் வாங்குங்கள். மாடல் பெயர் "இஇ" என்று முடிந்தால் ஸ்பீச் பிராசசர் இருக்காது என்பதும் நினைவிருக்கட்டும். தூக்கிக்கொண்டு வெளியே போகிறவருக்கும் டிஜிட்டல் மோடுகளே பிரதானம் என்பவருக்கும் ஐசி-735. அதோடு 13.8 வோல்ட், 20 ஆம்பியர் பவர் சப்ளை ஒன்றும் வேண்டும்; ஓவர்வோல்டேஜ் பாதுகாப்பு இல்லாத சப்ளையை மாட்டாதீர்கள்.

விற்பவரின் மேசையில் டம்மி லோடைக் கேட்டு வாங்கி மாட்டுங்கள். ஹைப்ரிட் என்றால் ஐட்லிங் கரண்டை மூன்று நிமிடம் பார்த்து, பிறகு 28 மெகாஹெர்ட்ஸில் பவர் பாருங்கள். சோர்ந்த வால்வு 3.5-இல் சமாளித்துவிடும், 28-இல் காட்டிக்கொடுத்துவிடும். ஐசி-735 என்றால் குளிர்ந்த நிலையில் போடச் சொல்லி, எல்லாப் பேண்டிலும் ஒரு சுற்று சுற்றி, அரை மணி கழித்து மறுபடி சுற்றுங்கள். மைக்கையும் கேட்டு வாங்குங்கள். ஹைப்ரிட்டுகளுக்கு நான்கு முள், 50 கிலோ ஓம். ஐசி-735-க்கு எட்டு முள், 600 ஓம். மாற்றி மாட்டினால் குரல் கீச்சிடும் அல்லது எடுபடாது, நல்ல செட்டின் மீது வீண் பழி விழும்.