சர்ச் தெருவில் கிடைத்த பெர்னார்டு குடும்பம்

பெங்களூரு சர்ச் தெருவில் மாடியிலுள்ள பழைய புத்தகக் கடையொன்றில், இன்றைய தென் பிரான்சிலுள்ள செப்டிமேனியாப் பகுதியின் 9ஆம் நூற்றாண்டுப் பிராங்கியப் பிரபுவான பெர்னார்டின் குடும்ப வரலாற்றை 350 ரூபாய்க்கு வாங்கினேன். 824இல் இன்றைய ஜெர்மனியிலுள்ள ஆகன் அரண்மனையில் அவரை மணந்த துவோடா, தென் பிரான்சின் உசேஸ் நகரில் தனித்திருந்தபடி, மேற்குப் பிராங்கிய மன்னர் வழுக்கைச் சார்லஸிடம் அனுப்பப்பட்ட மூத்த மகன் வில்லியமுக்கு அறிவுரை நூல் எழுதியதும், ஞானஸ்நானத்துக்கு முன்பே தந்தையிடம் கொண்டுசெல்லப்பட்ட இளைய மகனின் பெயரைக்கூட அப்போது அறியாதிருந்ததும் நெஞ்சைப் பிசைகின்றன. அந்தப் பத்தியின் கீழ் யாரோ பென்சிலால் கோடிட்டிருந்தார். பெர்னார்டு 844இலும் வில்லியம் 850இலும் கொல்லப்பட்டனர். கடைக்காரர் பொறுமையாகத் தேடித் தந்தார். ஆனால் வம்சாவளிப் பக்கம் கிழிந்திருந்ததை முன்பே சொல்லியிருக்க வேண்டும். வரலாற்று நூல்கள் பின்சுவரின் கீழ்த்தட்டில் இருக்கின்றன.