அப்ரூவலுக்கு ரெண்டாயிரம் அட்வான்ஸ்

காசிமேட்டில் ஓர் ஐஸ் ஃபேக்டரியில் கணக்கு எழுதுகிறேன். எந்த போட்டுக்கு எத்தனை பார் ஐஸ் போனது, யார் காசு கொடுத்தார், யார் அடுத்த ட்ரிப்பில் தருகிறேன் என்று நழுவினார், இதுதான் பகல் வேலை. ராத்திரி ராயபுரத்து வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு கூகுள் இலவசமாகத் தரும் ப்ளாக்ஸ்பாட் வலைப்பதிவில் மீனைப் பற்றி எழுதுவேன். சங்கராவை எப்படிப் பார்த்து வாங்குவது, நெத்திலியை நகத்தாலேயே எப்படி ஆய்வது, இப்படி. ரொம்ப நாளாக எழுதினாலும், அதில் விளம்பரம் போட்டுக் காசு பார்க்கலாம் என்ற எண்ணம் போன வருஷம் பொங்கல் கழிந்துதான் வந்தது. ப்ளஸ் டூ படிக்கிற மகன் புது போன் கேட்டான். அதுதான் காரணம், பெரிய லட்சியம் எதுவும் கிடையாது.

இரண்டு விஷயத்துக்கு மார்க் போடப் போகிறேன். ஒன்று, அப்ரூவல் வாங்கித் தருகிறேன் என்று என்னிடம் காசு வாங்கிய கடை. இன்னொன்று, நம் தளத்தில் விளம்பரம் காட்டி வருமானத்தில் பங்கு தரும் கூகுளின் ஆட்சென்ஸ் திட்டம். அதில் சேரத்தான் அப்ரூவல். கடைக்கு ஐந்துக்கு ஒன்று. அந்த ஒன்றும் அங்கே ஃபேன் நன்றாகச் சுற்றியதற்காக.

கடையின் பெயர் வேண்டாம். தண்டையார்பேட்டையில் ஒரு சந்துக்குள் இருக்கிறது. பான் கார்டு, ரயில் டிக்கெட், கலர் பிரிண்ட் என்று நீளும் போர்டில் கடைசி வரி, 'ஆட்சென்ஸ் அப்ரூவல் செய்து தரப்படும்'. உட்கார்ந்திருந்த தம்பிக்கு இருபத்தைந்து வயது இருக்கும். "அக்கா, நீங்க இன்னாத்துக்குக் கஷ்டப்படுறீங்க? நம்ம கைல வுட்ருங்க. பத்தே நாள்" என்றான். மொத்தம் 3,500 ரூபாய், அட்வான்ஸ் 2,000. ஏலத்தில் ஐம்பது ரூபாய்க்குத் தொண்டை கிழியக் கத்துகிற கூட்டத்தோடு தினமும் பழகுகிறவள் நான். அன்றைக்கு என்னவோ பேரம்கூடப் பேசாமல் எண்ணிக் கொடுத்துவிட்டேன்.

சொந்தமாக டாட் காம் முகவரி வாங்க வேண்டும், தினம் 1,000 பேராவது வந்து படிக்க வேண்டும், குறைந்தது 30 கட்டுரை இருக்க வேண்டும் என்று மூன்று நிபந்தனை சொன்னான். பிற்பாடு ஆட்சென்ஸ் விதிகளை நானே உட்கார்ந்து படித்தபோது இதில் ஒன்றுகூட அங்கே இல்லை. விண்ணப்பிக்கிறவருக்கு 18 வயது ஆகியிருக்க வேண்டும். தளத்துக்குள் கோட், அதாவது கணினி நிரல், வைக்கிற உரிமை நம் கையில் இருக்க வேண்டும். எழுத்து நம்முடையதாக இருக்க வேண்டும். ஒருவருக்கு ஒரு கணக்குதான். ப்ளாக்ஸ்பாட் முகவரியே போதும், கட்டணம் ஒரு பைசா கிடையாது. அப்புறம், அவர்கள் ஏற்கும் மொழியில் எழுதியிருக்க வேண்டும். ஆட்சென்ஸ் தொடங்கியது 2003இல். தமிழைச் சேர்த்தது 2018 பிப்ரவரியில்தான். அதற்கு முன்னால் தமிழில் மட்டும் எழுதியவர்களுக்கு இந்தப் பேச்சே இல்லை.

சரி, 30 கட்டுரைக்கு எங்கே போவது? "அதெல்லாம் நாங்களே போட்ருவோம்க்கா" என்றான். போட்டான். ஒரே நாளில் பதினெட்டு கட்டுரை. ஆங்கிலத்தில் எங்கிருந்தோ எடுத்து, மெஷினில் மொழிபெயர்த்து, அப்படியே ஒட்டியிருந்தான். சனிக்கிழமை காலையில் டீயோடு உட்கார்ந்து படித்தேன். 'மீன்களின் பள்ளி அதிகாலையில் இடம்பெயர்கிறது' என்று ஒரு வரி. மீன் கூட்டத்துக்கு ஆங்கிலத்தில் ஸ்கூல் என்பார்களாம், அது பள்ளிக்கூடம் ஆகிவிட்டது. இன்னொன்றில் ஆற்றங்கரைக்குப் பதில் 'நதி வங்கியில் தூண்டில் போடலாம்' என்று இருந்தது. என் மாமியாருக்குப் படித்துக் காட்டினேன். "வங்கியில தூண்டில் போட்டா வட்டியா மாட்டும்?" என்று கேட்டார். இது போதாதென்று நடுவில் கிரெடிட் கார்டு, கார் இன்சூரன்ஸ் பற்றியும் ஆறு கட்டுரை. அதற்கெல்லாம் விளம்பர ரேட் ஜாஸ்தி என்று விளக்கம் வேறு. கிழங்கான் வறுவலுக்குக் கீழே கார் இன்சூரன்ஸ்.

அடுத்தது கோட் வைக்கிற வேலை. விண்ணப்பித்தால் ஆட்சென்ஸில் ஒரு சின்ன கோட் தருவார்கள். நம் தளத்தின் தலைப்பகுதிக்குள், அதாவது ஹெட் என்று தொடங்கும் வரிக்குக் கீழே, அதை வைக்க வேண்டும். தம்பி வைத்து சேவ் கொடுத்தான், சிவப்பில் எர்ரர் வந்தது. மறுபடி கொடுத்தான், மறுபடி சிவப்பு. "தீம்லயே ராங்கு இருக்குக்கா. வேற தீம் போடணும், எண்ணூறு ஆகும்" என்றான். தீம் என்றால் தளத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் அமைப்பு. நான் தலையை ஆட்டாததால், அந்தக் கோட் துண்டைப் பக்கத்தின் ஓரத்தில் ஒரு கேட்ஜெட் பெட்டிக்குள் சொருகிவிட்டு விண்ணப்பத்தை அனுப்பினான்.

எட்டாம் நாள் பதில் வந்தது. தளம் இன்னும் தயாராக இல்லை, காரணம்: மதிப்புக் குறைந்த உள்ளடக்கம். கோபம் வரவில்லை. நதி வங்கியில் தூண்டில் போடச் சொல்கிற தளத்தை நானாக இருந்தாலும் தள்ளியிருப்பேன். தம்பிதான் அசரவில்லை. "மீதி ஆயிரத்தைந்நூறு குட்த்தா இன்னொரு தபா அப்ளை பண்ணிப் பாக்கலாம். அப்ரூவல் மட்டும் வரட்டும்க்கா, நம்ம பசங்க நாப்பது பேர் இருக்கானுங்க, டெய்லி க்ளிக் பண்ணச் சொல்றேன்" என்றான். நாமோ நமக்கு வேண்டியவர்களோ காசுக்காகச் சொந்த விளம்பரத்தை அமுக்குவது செல்லாத க்ளிக். கண்டுபிடித்தால் கணக்கையே மூடிவிடுவார்கள். அதோடு 2024 தொடக்கத்திலிருந்து ஆட்சென்ஸ் முக்கியமாகக் கணக்குப் பார்ப்பது க்ளிக்கை அல்ல, விளம்பரம் காட்டப்படும் எண்ணிக்கையை. நாற்பது பேர் விரல் தேய்வதுதான் மிச்சம். நான் எழுந்து வந்துவிட்டேன்.

ஏப்ரல் 15 வந்தது. கிழக்குக் கடற்கரையில் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. போட்டெல்லாம் துறைமுகத்தில் வரிசையாகக் கட்டிக் கிடக்கும்போது ஐஸ் யாருக்கு வேண்டும்? ஃபேக்டரியில் பாதி மெஷின் ஓடாது, மத்தியானம் நோட்டைத் திறந்தால் எழுத இரண்டு வரிதான் இருக்கும். அந்த இரண்டு மாதத்தில்தான் தளத்தைச் சுத்தம் செய்தேன்.

முதலில் பதினெட்டையும் அழித்தேன். என்னுடையதிலேயே ஏழு போனது. ஏற்கெனவே ஆயிரம் பேர் எழுதிய வஞ்சிரம் வறுவலை நானும் நாலு வரியில் எழுதி, இணையத்தில் கிடைத்த படத்தைப் போட்டிருந்தேன். அதைப் பார்க்க எனக்கே வெட்கமாக இருந்தது. மிஞ்சியதை விரித்து எழுதினேன். படமெல்லாம் என் போனில் எடுத்தது, பின்னணியில் எங்கள் வீட்டு சிங்க்.

கடம்பா, அதாவது கணவாய், ஆய்வது பற்றிய பதிவைச் சொல்ல வேண்டும். தலையைப் பிடித்து இழுத்தால் குடலோடு வந்துவிடும். அப்புறம் உடம்புக்குள் விரலை விட்டால் நீளமாக, மெலிசாக, கண்ணாடி மாதிரி ஒன்று தட்டுப்படும். ஸ்ட்ரா ஒன்றைப் பிளந்து வைத்தது போல இருக்கும், வளைத்தால் வளையும். அது கடம்பாவின் உள் ஓடு. தெரியாதவர்கள் பிளாஸ்டிக் என்று நினைத்து, மீன் விற்ற அம்மாவிடம் சண்டைக்குப் போவதை நானே பார்த்திருக்கிறேன். அதை உருவி என் உள்ளங்கையில் வைத்துப் படம் எடுத்துப் போட்டேன். இன்று வரை என் தளத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் 'கடம்பா உள்ளே பிளாஸ்டிக்' என்று தேடித்தான் வருகிறார்கள்.

தடைக்காலத்தில் நாட்டுப்படகு மீன் எது கிடைக்கும், ஐஸில் எத்தனை நாள் கிடந்த மீன் என்று செவுளையும் கண்ணையும் பார்த்து எப்படிச் சொல்வது என்றெல்லாம் எழுதினேன். இது என் தொழில், இதற்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை. கடைசியில் பதினாறு பதிவு தேறியது. கூடவே, நான் யார் என்று ஒரு பக்கம், தொடர்புக்கு ஒரு பக்கம், குக்கீ பயன்பாட்டைச் சொல்லும் தனியுரிமைக் கொள்கை ஒரு பக்கம்.

மறுபடி அந்தச் சிவப்பு எர்ரர். இந்த முறை அவசரப்படாமல் அதை எழுத்துக்கூட்டிப் படித்தேன். கோடின் தொடக்கத்திலேயே ஒரு சொல் தனியாக நிற்கிறது. ஏசிங்க் என்று படிக்க வேண்டுமாம், நான் 'அசிங்க்' என்றுதான் படித்தேன், படுத்திய பாட்டுக்குப் பொருத்தமான பெயர். அதற்குப் பின்னால் சமக்குறி இல்லை என்பதுதான் அதன் குறை. ப்ளாக்ஸ்பாட்டை நடத்தும் ப்ளாக்கரின் தீம், எக்ஸ்எம்எல் என்ற கண்டிப்பான கணினி மொழியில் எழுதப்பட்டது. அங்கே எந்தப் பண்புச் சொல்லும் சும்மா நிற்கக் கூடாது, மதிப்பு ஒன்று கொடுத்தாக வேண்டும். அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் ஒரு சமக்குறி, அப்புறம் மேற்கோள் குறிக்குள் அதே சொல்லை இன்னொரு தடவை. சேவ் ஆகிவிட்டது. எண்ணூறு ரூபாய்த் தீம் வேலை அவ்வளவுதான். நம் தளத்தில் விளம்பரம் விற்க யாருக்கு அனுமதி என்று சொல்லும் ஆட்ஸ் டாட் டெக்ஸ்ட் கோப்புக்கான ஒரு வரியை ப்ளாக்கர் செட்டிங்ஸில் ஒட்டுவதும் அதே உட்காரலில் முடிந்தது.

பரிசீலனை பெரும்பாலும் சில நாளில் முடியும், சில சமயம் இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும் என்று அவர்களே சொல்கிறார்கள். எனக்குப் பதினாறு நாள். ஜூன் கடைசி, தடை முடிந்து ஐஸ் உடைக்கிற மெஷின் காது கிழிய ஓடிக்கொண்டிருந்தது. மெயிலைப் பார்த்துவிட்டு 'வந்துருச்சு' என்று கத்தினேன். லோடு ஏற்ற வண்டி வந்துவிட்டது என்று நினைத்து இரண்டு பேர் வெளியே ஓடினார்கள்.

அப்ரூவல் வந்தவுடன் காசு கொட்டும் என்று நினைக்க வேண்டாம். என் முதல் நாள் வருமானம் 0.03 டாலர். கணக்கில் 10 டாலர் சேர்ந்ததும் ஆறு இலக்க பின் நம்பரை அட்டையில் அச்சடித்துத் தபாலில் அனுப்புவார்கள், நாம் கொடுத்த முகவரியில் நாம்தான் இருக்கிறோமா என்று பார்க்க. நான்கு மாதத்துக்குள் அதைப் பதியாவிட்டால் விளம்பரம் நின்றுவிடும். மூன்று தடவை தப்பாகப் போட்டாலும் அப்படித்தான்.

முதல் அட்டை எனக்கு வரவில்லை. தப்பு என்னுடையது. சென்னையில் ஒரே வாசலுக்குப் பழைய எண், புதிய எண் என்று இரண்டு இருக்கும். நான் பெரிய சட்டம் பேசுகிறவள் மாதிரி புதிய எண்ணை மட்டும் கொடுத்திருந்தேன். தபால்காரர் சிரித்தார். "எம்மா, உங்க புது நம்பர் எதிர்சாரி வூட்டோட பழைய நம்பரு." அந்த வீடு இரண்டு வருஷமாகப் பூட்டிக் கிடக்கிறது. மூன்று வாரம் கழித்து, இரண்டு எண்ணையும் சேர்த்து முகவரியைத் திருத்தி, புது அட்டை கேட்டேன். அது இருபதாம் நாள் நேராக என் கைக்கே வந்தது. ஓரத்தைக் கிழித்துப் பிரிக்கும்போது லாட்டரி ரிசல்ட் பார்க்கிற மாதிரி இருந்தது. வங்கிக் கணக்கில் இருக்கும் பெயரும் ஆட்சென்ஸில் கொடுக்கும் பெயரும் இனிஷியல் உட்பட ஒன்றாக இருக்கட்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்க வரிப் படிவம் ஒன்றும் கேட்பார்கள், பார்த்தால் பயமாக இருக்கும், பத்து நிமிஷ வேலைதான்.

100 டாலர் சேர்ந்தால்தான் பணம் அனுப்புவார்கள், அதுவும் அடுத்த மாதம் 21 முதல் 26 தேதிக்குள். எனக்கு அந்த நூறு சேரப் பதினோரு மாதம் ஆனது. விளம்பரதாரர் கொடுப்பதில் சுமார் 68 சதவீதம் எழுதுகிறவருக்கு வருகிறது. பங்கு நியாயமானதுதான், என் தளத்துக்கு வருகிற கூட்டம்தான் சின்னது. மகன் அதுவரை காத்திருக்கவில்லை. கல்லூரி சேர்ந்த கையோடு பகுதி நேர வேலைக்குப் போய்த் தவணையில் போன் எடுத்துவிட்டான். என் முதல் பணத்தில் மாமியாருக்கு ஒரு மிக்ஸி வாங்கினேன்.

ஆட்சென்ஸுக்கு ஐந்துக்கு நான்கு. ஏன் தள்ளினோம் என்பதை ஒரே வரியில் சொல்வதால் ஒரு மார்க் குறைக்கிறேன். அந்த ஒரு வரியில் உண்மைதான் இருந்தது, ஆனால் எந்தப் பதிவு, என்ன குறை என்று நாமேதான் துழாவ வேண்டும்.

போன வாரம் டோல்கேட் மெட்ரோ வாசலில் அந்தத் தம்பியைப் பார்த்தேன். அட்வான்ஸைக் கேட்டால் வழக்கமாக "அடுத்த வாரம்க்கா" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுவான். அன்றைக்கு அவனே நின்றான். "அக்கா, அந்தக் கோடு... எப்டிக்கா சேவ் பண்ணீங்க? ரெண்டு கஸ்டமருக்கு மாட்டிக்கினு கீது" என்றான்.

"ரெண்டாயிரத்தை எடு தம்பி, சொல்றேன்" என்றேன்.