இடப்பக்கம் ‘ஏ’ சீட்டு: ஆறு வருஷ அனுபவம்

பக்கத்துத் தெரு தம்பி முதல் தடவையாக சென்னையிலிருந்து கொல்கத்தாவுக்குப் பறக்கப் போகிறான். “அண்ணே, எந்தப் பக்கம் சீட்டு போட்டா நம்ம ஏரியா தெரியும்?” என்று கேட்டான். தண்டையார்பேட்டைக்காரன் வேறு எதைக் கேட்பான்? அவனுக்குச் சொன்னதை இங்கேயும் போட்டு வைக்கிறேன்.

ஆபீஸ் வேலையாக ஆறு வருஷமாக இதே ரூட். போகும்போது இடப்பக்க ஜன்னல் ‘ஏ’, வரும்போது வலப்பக்க ஜன்னல் ‘எஃப்’. காலை ஃபிளைட்டாக இருந்தால் இன்னும் நல்லது. வெயில் எதிர்ப்பக்கம் இருக்கும், கண் கூசாது.

மீனம்பாக்கத்தில் கிழக்கே பார்த்துக் கிளம்பினால் அடையாறு முகத்துவாரம் தாண்டி, கடலுக்கு மேலே போய், இடப்பக்கமாகச் சாய்ந்து வடக்கே திரும்பும். அந்தச் சாய்வுக்குத்தான் நான் காசு கொடுக்கிறேன். ஜன்னல் முழுக்க ஊர். துறைமுகத்துக்குத் தெற்கே மெரினா மணல் அகலமாகக் கிடக்கும். வடக்கே ராயபுரம் தாண்டி திருவொற்றியூர் வரைக்கும் கருங்கல் கொட்டிய கரை, நடுநடுவே கடலுக்குள் நீட்டிய கல் வரிசைகள். 1870-களில் துறைமுகச் சுவரைக் கட்ட ஆரம்பித்த பிறகு, தெற்கிலிருந்து வடக்கே நகர்கிற மணல் அதில் முட்டி மெரினா பக்கமே தங்கிவிட்டது. எங்கள் பக்கம் கடல் அரித்துக்கொண்டே வந்தது. படித்தபோது மண்டையில் ஏறாத சமாச்சாரம், மேலிருந்து பார்த்ததும் புரிந்துவிட்டது. “அந்தப் பக்கம் பீச்சு, நமக்கு பாறாங்கல்லா?” என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். நடு சீட்டுக்காரர் ஒரு மாதிரி பார்த்தார்.

மே மாதம் போனால் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தைத் தவற விடாதீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. விசைப்படகெல்லாம் உள்ளேயே ஒட்டி நிற்கும், தண்ணீரே தெரியாது. அப்புறம் எண்ணூர் முகத்துவாரம், அனல்மின் நிலையப் புகைபோக்கிகள், பழவேற்காடு ஏரி. அதோடு நான் தூங்கிவிடுவேன்.

இப்போது வயிற்றெரிச்சலுக்கு வருகிறேன். போன மாதம் கூடுதலாக 450 ரூபாய் கட்டி ஜன்னலோர சீட்டு போட்டேன். போய் உட்கார்ந்தால் ஜன்னலே இல்லை. வெறும் சுவர். சில போயிங் 737 விமானங்களில் இறக்கைக்கு முன்னால் ஒரு இடத்தில் ஏசி குழாய் சுவருக்குள் மேலே ஏறும், அந்த இடத்தில் ஜன்னல் வைக்க மாட்டார்கள். கிடைத்தது எனக்கு அந்த இடம். பணிப்பெண்ணிடம் கேட்டேன். “சார், இது ஜன்னலோர சீட்டுதான்.” ஓரம் இருக்கிறது, ஜன்னல்தானே இல்லை! முன் சீட்டுக்கும் சுவருக்கும் நடுவே இருந்த இடுக்கில் கழுத்தை நீட்டி, அரை புகைபோக்கி பார்த்தேன். 450 ரூபாய்க்கு அரை புகைபோக்கி. பணம் திரும்பக் கேட்டு மூன்று மெயில் போட்டாயிற்று, மூன்றுக்கும் ஒரே நன்றிக் கடிதம்.

விமானக் கம்பெனிக்காரர்களை மட்டும் திட்டுவதும் நியாயமில்லை, காற்றும் காலை வாரும். ஓடுபாதையின் ஒரு முனை 07, மறுமுனை 25. அதாவது திசைகாட்டியில் 70 டிகிரி, 250 டிகிரி; ஏறக்குறைய கிழக்கு, மேற்கு. விமானம் எதிர்காற்றில்தான் கிளம்பும். ஜூன், ஜூலை காலையில் மேற்கிலிருந்து காற்று அடித்தால் மேற்கே பார்த்து ஏறி வலப்பக்கம் திரும்பும். வலப்பக்கத்தில் இருப்பவருக்குச் செம்பரம்பாக்கம், புழல் என்று ஏரி ஏரியாக. ‘ஏ’யில் நான் மேகத்தை எண்ணிக்கொண்டிருப்பேன். மதியம் கடல்காற்று வந்தால் மறுபடி கிழக்கே கிளம்ப வாய்ப்புண்டு, ஆனால் அப்போது வெயில் நேராக மூஞ்சியில். மார்கழி, தை காலைதான் சரி. போகி அன்றைக்கு மட்டும் வேண்டவே வேண்டாம். புகையில் விமானமே கிளம்பாது.

இறக்கைக்கு முன் வரிசையாகப் பாருங்கள். பின்னால் உட்கார்ந்தால் என்ஜின் சூட்டில் ஊரே கானல் மாதிரி நடுங்கும். விமானம் எந்த மாடல் என்று பார்த்துவிட்டுக் காசு கட்டுங்கள்.

இந்த சீட்டுக்கு ஐந்துக்கு எத்தனை மார்க் என்று தம்பி கேட்டான். இரண்டு என்றேன். “இவ்ளோ நேரம் ஆஹா ஓஹோன்னீங்களே அண்ணே?” அந்த 450 வரட்டும், மாற்றிச் சொல்கிறேன்.