பல வருடமாகக் கையில் இருக்கும் வாக்கி டாக்கி: என் பயன்பாட்டு அனுபவம்

என்னிடம் இருப்பது வி.எச்.எஃப். (145 மெகாஹெர்ட்ஸ் பக்கம்), யு.எச்.எஃப். (435 மெகாஹெர்ட்ஸ் பக்கம்) என்று இரண்டு அலைவரிசைப் பட்டைகளிலும் வேலை செய்யும் சாதாரணக் கையடக்க ரேடியோ. அதிகபட்சம் 5 வாட், 128 சேனல், 7.4 வோல்ட் லித்தியம் அயான் பேட்டரி. ஹாம் உரிமம் (பொழுதுபோக்காக ரேடியோவில் பேசுவதற்கான அரசு உரிமம்) வாங்கியதிலிருந்து இதுதான் துணை. மலையேற்றங்களுக்குக் கொண்டு போகிறேன். உரிமம் உள்ள நண்பர்கள் சேர்ந்து நெடுந்தூர ஓட்டங்களில் தொடர்புப் பணி பார்க்கும்போதும் இதையேதான் பயன்படுத்துகிறேன். வாங்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது "எத்தனை வாட்? எத்தனை கிலோமீட்டர் எடுக்கும்?" என்றுதான். பழகப் பழக, இந்த இரண்டு கேள்விக்கும் பெரிய மதிப்பில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. எங்கே நின்று பேசுகிறோம், என்ன ஆன்டெனா போட்டிருக்கிறோம், கிளம்புவதற்கு முன் செட்டிங்கை எவ்வளவு பொறுமையாகச் செய்தோம் என்பதைப் பொறுத்துத்தான் ரேடியோ கைகொடுக்கும்.

தூரத்தை முதலில் பார்த்துவிடலாம். இந்த அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டில் போகின்றன, பூமியின் வளைவு அவற்றுக்கு ஓர் எல்லை போடுகிறது. ஆன்டெனா இருக்கும் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12ஆல் பெருக்குங்கள். இரண்டு முனைக்கும் தனித்தனியாகப் போட்டுக் கூட்டினால் கிலோமீட்டரில் விடை வரும். 1.5 மீட்டர் உயரத்தில் ரேடியோவைப் பிடித்துக்கொண்டு சமதரையில் நிற்கும் இருவருக்கு அது சுமார் 10 கிலோமீட்டர். அதுவும் நடுவில் மரம், கட்டடம், மேடு எதுவுமே இல்லாத வெட்டவெளியில். அவர்களில் ஒருவர் 30 மீட்டர் உயரமான பாறை மேல் ஏறிவிட்டால் அதே கணக்கு 27 கிலோமீட்டரைத் தாண்டுகிறது. மரமும் வீடும் நெருங்கிய இடத்தில் ஒன்றிரண்டு கிலோமீட்டர் தெளிவாகக் கேட்டாலே திருப்திப்பட வேண்டும். விளம்பரங்களில் வரும் பெரிய பெரிய தூரங்கள் எல்லாம் ஒரு மலையுச்சிக்கும் இன்னொரு மலையுச்சிக்கும் நடுவே கிடைப்பவை.

வாட் கதையும் இதே மாதிரிதான். 1 வாட்டிலிருந்து 5 வாட்டுக்குப் போனால் கூடுவது 7 டெசிபல். எதிர்முனை ரேடியோவின் சிக்னல் அளவுகோலில் ஒரு படி என்பது 6 டெசிபல். அதாவது பேட்டரியை அவ்வளவு வேகமாகத் தீர்த்து நமக்குக் கிடைப்பது ஒரு படியும் கொஞ்சமும். அதனால் நான் எப்போதும் குறைந்த திறனிலேயே வைத்திருக்கிறேன். எதிர்முனையில் "உடைந்து உடைந்து கேட்கிறது" என்று சொன்னால் மட்டும் கூட்டுவேன். அதற்கும் முன்னால் நாலடி தள்ளி நின்று பார்ப்பேன். பெரும்பாலும் அதிலேயே சரியாகிவிடும்.

இனி செட்டிங். என் கணிப்பில் பாதி வேலை இங்கேதான் இருக்கிறது. ரேடியோவின் சின்னப் பொத்தான்களை அழுத்தி ஒவ்வொரு சேனலாக ஏற்றுவது பொறுமையைச் சோதிக்கும் வேலை. கேபிள் ஒன்று வாங்கி, சிர்ப் என்ற இலவச மென்பொருளில் செய்துவிடுங்கள். கேபிளைச் செருகியதும் முதல் வேலை, ரேடியோவில் இருப்பதை அப்படியே படித்து ஒரு கோப்பாகச் சேமித்து வைப்பது. பின்னால் எது குழம்பினாலும் திரும்பிப் போக அந்தக் கோப்பு இருக்கும். ரேடியோ பதிலே சொல்லவில்லை என்றால் முக்கால்வாசி நேரம் பிளக் முழுதாக உள்ளே போகவில்லை என்று அர்த்தம். சற்று அழுத்தினால் 'டக்'கென்று உட்காரும். அப்படியும் வராவிட்டால் கேபிளுக்குள் இருக்கும் சிப் போலியாக இருக்கலாம். மலிவான கேபிள்களில் இது சகஜம், கணினியின் டிரைவர் அதை ஏற்காது.

குழுவாகப் பயன்படுத்துவதாக இருந்தால் எல்லா ரேடியோவிலும் சேனல் வரிசை ஒன்றாக இருக்கட்டும். "மூன்றுக்கு வாங்க" என்றால் எல்லோருக்கும் ஒரே அலைவரிசை வர வேண்டும். நான் ஒரு கோப்பைத் தயார் செய்து எல்லோருடைய ரேடியோவிலும் அதையே ஏற்றிவிடுகிறேன். கேட்க மட்டும் வைத்திருக்கும் சேனல்களில், உதாரணமாக வானிலை அறிவிப்பில், அனுப்பும் வசதியை மென்பொருளிலேயே நிறுத்திவிடலாம். கை தவறிப் பொத்தானை அழுத்தினாலும் எதுவும் வெளியே போகாது.

பட்டை அகலத்தையும் கவனியுங்கள். 12.5 கிலோஹெர்ட்ஸ் குறுகிய அமைப்பு, 25 கிலோஹெர்ட்ஸ் அகன்ற அமைப்பு. ஒருவர் அகன்றதில் பேச, கேட்பவர் குறுகியதில் இருந்தால் குரல் கரகரவென்று உடையும். மாறி இருந்தால் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போல மெல்லக் கேட்கும். ரேடியோ பழுது என்று சொல்லி என்னிடம் கொண்டு வந்தவற்றில் பல, இந்த ஒரு அமைப்பை மாற்றியதும் சரியாகிவிட்டன.

டோன் பற்றிப் பலருக்கும் ஒரு தவறான நம்பிக்கை உண்டு. மெனுவில் 67.0 ஹெர்ட்ஸ், 88.5 ஹெர்ட்ஸ் என்று வரும் எண்களைச் சிலர் ரகசியக் குறியீடு என்றே விற்கிறார்கள். அவை காதுக்கு எட்டாமல் குரலோடு சேர்ந்து போகும் தாழ்ந்த ஒலிகள். நம் ரேடியோவில் ஒரு டோனைப் போட்டால், அந்த டோனோடு வரும் சிக்னலுக்கு மட்டும்தான் ஸ்பீக்கர் திறக்கும், அவ்வளவுதான். நாம் பேசுவதை டோன் போடாத யாரும் தாராளமாகக் கேட்கலாம். இன்னொரு சங்கடமும் இருக்கிறது. வேறு குழு அதே அலைவரிசையில் பேசிக்கொண்டிருந்தால் நமக்கு அது கேட்காது. காலியாக இருக்கிறது என்று நினைத்து அவர்கள் மேல் பேசிவிடுவோம். அதனால் பேசும் முன் மானிட்டர் பொத்தானை ஒரு நொடி அழுத்திக் கேட்கும் பழக்கம் நல்லது. அழுத்தியிருக்கும்வரை ஸ்பீக்கர் திறந்தே இருக்கும். ஸ்குவெல்ச் (சிக்னல் இல்லாதபோது இரைச்சல் கேட்காமல் ஸ்பீக்கரை மூடி வைக்கும் அமைப்பு) மூடிவிடும் அளவுக்குப் பலவீனமான குரலும் இரைச்சலுக்கு நடுவே அப்போது காதில் விழும். ரிப்பீட்டர் (உயரமான இடத்திலிருந்து நம் சிக்னலை வாங்கி மறுபடி அனுப்பும் நிலையம்) வழியாகப் பேசுபவர்களுக்கு டோன் கட்டாயம் தேவைப்படும். அனுப்பும் டோன் சரியாக இல்லாவிட்டால் பல ரிப்பீட்டர்கள் வாயே திறக்காது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பேச்சு முடிந்ததும் வரும் 'பீப்' சத்தத்தை நிறுத்திவிடுங்கள், கேட்பவருக்கு அது தொல்லை. குரலைக் கேட்டுத் தானாக இயங்கும் வாக்ஸ் வசதி காற்றுக்கும் மூச்சுக்கும் கூட இயங்கும், வேண்டாம். ஒரே நேரத்தில் இரண்டு சேனலைக் கவனிக்கும் வசதி கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் எதில் பதில் போகிறது என்று தெரியாமல் புதியவர்கள் திணறுகிறார்கள். நேர வரம்பை மட்டும் கட்டாயம் வையுங்கள். பைக்குள் ஏதோ பட்டு, பேசும் பொத்தான் அழுந்தியபடியே இருந்தால் ஒட்டுமொத்தக் குழுவுக்கும் சேனல் அடைபட்டுப் போகும். 60 நொடி என்று வைத்தால் அதோடு ரேடியோவே அனுப்புவதை நிறுத்திவிடும்.

உரிமம் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. இந்த மாதிரி ரேடியோக்கள் காவல்துறை, கப்பல், மீட்புப் பணி அலைவரிசைகளிலும் அனுப்பும் வல்லமை உள்ளவை. கடலில் ஆபத்து அழைப்புக்கென்று உள்ள 16ஆம் சேனல் 156.8 மெகாஹெர்ட்ஸ், அதுவும் இந்த வரம்புக்குள்தான் வருகிறது. அங்கே விளையாட்டாகப் பேசுவது ஓர் உயிரோடு விளையாடுவதாகும். விதிகள் நாட்டுக்கு நாடு மாறும். உரிமம் இல்லாதவர்களுக்கென்றே தனி வகைகள் உண்டு. ஐரோப்பாவில் 446 மெகாஹெர்ட்ஸில் அரை வாட் ரேடியோக்கள், அமெரிக்காவில் 2 வாட் வரை அனுமதிக்கும் எஃப்.ஆர்.எஸ். ரேடியோக்கள். வீட்டாரோடும் நண்பர்களோடும் பேச மட்டும் வேண்டுமென்றால் உங்கள் நாட்டில் அப்படி எது அனுமதிக்கப்பட்டிருக்கிறதோ அதை வாங்குங்கள். உயரம்தான் முக்கியம் என்று மேலே சொன்னேன், அரை வாட்டும் மலை மேலிருந்து நன்றாகவே போகும்.

பேசும் முறைக்கு வருகிறேன். பொத்தானை அழுத்தியதும் அரை நொடியாவது பொறுத்துப் பேச வேண்டும். எதிர்முனை ரேடியோ விழித்து, டோனைக் கண்டுகொண்டு, ஸ்பீக்கரைத் திறக்க அந்த அவகாசம் தேவை. பொறுக்காதவர்களின் முதல் சொல் எப்போதும் விழுங்கப்படும். "வேண்டாம், நிறுத்து" என்பதில் 'வேண்டாம்' காணாமல் போனால் சமாளிக்கலாம். "பிறகு வரலாம்" என்பதில் 'பிறகு' போய்விட்டால் நிலைமை வேறு. மைக்கை வாயிலிருந்து ஐந்து சென்டிமீட்டர் தள்ளி, சற்றுப் பக்கவாட்டில் பிடித்து, சாதாரணக் குரலில் பேசினால் போதும். கத்தினால் தூரம் கூடாது, குரல்தான் சிதையும். முக்கியமான செய்தியைக் கேட்டவர் திருப்பிச் சொல்ல வேண்டும் என்பதை எங்கள் குழுவில் கட்டாயமாக்கியிருக்கிறோம். அடிபட்ட ஓட்டக்காரரின் எண், அவர் இருக்கும் கிலோமீட்டர் கல் இரண்டையும் எண்ணெண்ணாகச் சொல்லி, எதிர்முனை அதைத் திருப்பிப் படித்த பிறகுதான் அடுத்த பேச்சு. இது நேரம் பிடிக்கும் வேலைதான். ஆனால் ஆம்புலன்ஸ் தவறான வளைவில் போய் நிற்பதை விட மேல்.

ஆன்டெனாவைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் எனக்கு அலுப்பதில்லை. 145 மெகாஹெர்ட்ஸுக்குக் கால் அலைநீளம் என்பது அரை மீட்டர். கூட வந்த குட்டை ரப்பர் ஆன்டெனா அதில் பாதிகூட இருக்காது, அதற்குள் சுருட்டி வைத்துச் சமாளிக்கிறார்கள். 40 சென்டிமீட்டருக்கு அருகே நீளமுள்ள வளையும் ஆன்டெனா ஒன்றை மாற்றியதுதான் இந்த ரேடியோவுக்கு நான் செய்த உருப்படியான செலவு. இன்னொன்று செலவே இல்லாதது. சுமார் 49 சென்டிமீட்டர் ஒயர் ஒன்றை ஆன்டெனா திருகின் வெளி உலோகத்தோடு தொடும்படி மாட்டி, கீழே தொங்கவிடுங்கள். ஆன்டெனாவுக்கு மறுபாதி கிடைத்த மாதிரி ஆகி, வி.எச்.எஃப்.பில் சிக்னல் கண்கூடாகக் கூடும். ஒயர் நடுக்கம்பியைத் தொட்டுவிடக் கூடாது, அதில் மட்டும் கவனம்.

பிடிக்கும் விதமும் முக்கியம். இருவரின் ஆன்டெனாவும் செங்குத்தாக இருக்க வேண்டும். படுத்தாற்போல் பிடித்தால் சிக்னல் பெருமளவு போய்விடும். யு.எச்.எஃப்.பில் 435 மெகாஹெர்ட்ஸுக்கு அலைநீளம் 69 சென்டிமீட்டர்தான். சுவர்களில் பட்டுத் திரும்பும் அலைகள் ஒன்றை ஒன்று அழிக்கும் இடத்தில் நின்றால் ஒன்றுமே கேட்காது, ஒரு சாண் நகர்ந்தால் தெளிவாகக் கேட்கும். நாலடி தள்ளி நில் என்று சொன்னதன் காரணம் இதுதான். கட்டடங்களுக்குள் யு.எச்.எஃப். நன்றாக நுழைகிறது. காட்டிலும் மலைச்சரிவிலும் எனக்கு வி.எச்.எஃப். கைகொடுக்கிறது.

தோளில் மாட்டும் ஸ்பீக்கர் மைக் மீது எனக்குப் பிரியம் குறைவு. வசதியானதுதான். ஆனால் ரேடியோ இடுப்பிலேயே இருந்துவிடும், உடம்பு பாதி சிக்னலை விழுங்கிவிடும். கேட்கும்போது இடுப்பில் இருக்கட்டும், பதில் சொல்லும்போது கையில் எடுத்து உயர்த்திப் பேசுங்கள். கூட்டத்தில் காதில் மாட்டும் இயர்பீஸ் மட்டும் மிகவும் உதவுகிறது.

பேட்டரி கணக்கு பற்றி ஒரு வார்த்தை. தயாரிப்பாளர்கள் சொல்லும் மணிநேரம், 5 சதவீதம் பேச்சு, 5 சதவீதம் கேட்பு, 90 சதவீதம் சும்மா இருத்தல் என்ற அளவில் கணக்கிடப்படுவது. ஓட்டப் போட்டி நாளில் யாரும் அப்படிச் சும்மா இருப்பதில்லை. எனக்கு மதியத்துக்குள் முதல் பேட்டரி தீர்ந்துவிடும், இரண்டாவது இல்லாமல் நான் போவதே இல்லை. ரேடியோவை அணைத்துவிட்டுச் சார்ஜ் போடுகிறேன். வெயிலில் நின்ற வண்டிக்குள் வைப்பதில்லை. உறைநிலைக்குக் கீழே சார்ஜ் செய்யவும் கூடாது, லித்தியம் செல்லுக்கு அது நிரந்தரச் சேதம். நெடுநாள் எடுக்கப் போவதில்லை என்றால் பாதியளவு சார்ஜில் கழற்றி, குளிர்ந்த இடத்தில் வைக்கலாம். பேட்டரி லேசாக உப்பி, ரேடியோவில் இறுக்கமாக உட்கார்ந்தால் அன்றோடு அதை நிறுத்திவிட வேண்டும்.

இத்தனை வருடத்தில் தேய்ந்தவை: முதலில் பெல்ட் கிளிப், அப்புறம் பேசும் பொத்தானின் ரப்பர், அதன்பின் ஒலியைக் கூட்டும் திருகு. திருகில் தூசு ஏறினால் கரகரக்கும். அணைத்து வைத்து, முன்னும் பின்னும் பலமுறை சுழற்றினால் சில மாதம் ஓடும். பேட்டரியின் உலோகத் தொடுமுனைகளை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைக்கிறேன். சார்ஜர் விளக்கு மினுக் மினுக் என்றால் அநேகமாக அழுக்குதான் காரணம். ஆன்டெனாவைப் பிடித்து ரேடியோவைத் தூக்காதீர்கள், திருகு தளர்ந்துவிடும். ஆன்டெனா இல்லாமல் பேசும் பொத்தானை அழுத்தவே கூடாது. போக வழியில்லாத சக்தி உள்ளேயே திரும்பி, அனுப்பும் டிரான்சிஸ்டரைக் காவு வாங்கிவிடும். ஐ.பி.67 தரம் என்றால் ஒரு மீட்டர் நீரில் அரை மணி நேரம் தாங்கும் என்று பொருள். பக்கவாட்டு மூடி திறந்திருந்தாலோ, ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருந்தாலோ அந்தத் தரம் வெறும் ஸ்டிக்கர்தான்.

என் ரேடியோவுக்கு அந்தத் தரம் கிடையாது. மழையில் அதைக் காப்பாற்றுவதே ஒரு வேலையாகிவிடுகிறது. அடுத்து வாங்குவது நீர் புகாததாகத்தான் இருக்கும். ரிசீவரும் பலவீனம்தான். இரண்டு பேர் பக்கத்தில் நின்று வேறு வேறு சேனலில் பேசினால் ஒன்று மற்றொன்றைச் செவிடாக்குகிறது, பத்தடி விலகினால் தேவலை. மற்றபடி எனக்குக் குறையில்லை. ஆனால் குழுவில் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு இதை நான் பரிந்துரைப்பதில்லை. திரையும் எண் பொத்தான்களும் இல்லாத, மேலே 16 சேனல் திருகு மட்டும் உள்ள ரேடியோவை வாங்கச் சொல்லி, நானே ப்ரோகிராம் செய்து கொடுக்கிறேன். இருட்டில், கையுறை போட்ட கையால், பார்க்காமலே சேனல் மாற்றலாம். தவறுதலாக எந்த மெனுவுக்குள்ளும் போய் மாட்டிக்கொள்ளவும் முடியாது.