பாதி விலை பிரிசர்வேடிவ், உப்பிப்போன 72 வாளிகள்

போன மே மாதம் தேனியில் இருந்து கடைக்காரர் ஒருவர் போட்டோ அனுப்பினார். எங்கள் எமல்ஷன் பெயிண்ட் வாளியின் மூடி எண்ணெயில் போட்ட பூரி மாதிரி உப்பி நின்றது. கீழே ஒரு வரி: "அண்ணே, திறக்கவே பயமா இருக்கு." அப்புறம் திறந்திருக்கிறார். அழுகின முட்டை நாற்றம் தாங்காமல் கடையில் நின்றவர்கள் எல்லாம் ரோட்டுக்கு வந்துவிட்டார்களாம்.

மதுரை கப்பலூர் பக்கம் சின்னதாக ஒரு பெயிண்ட் யூனிட் வைத்திருக்கிறேன். தண்ணீரில் கலக்கும் இன்டீரியர் எமல்ஷன் மட்டும்தான் போடுகிறோம். என்னைப் போல சின்ன அளவில் செய்கிறவர்கள் இதைப் படித்தால் போதும்.

தண்ணீர் பெயிண்டில் ஒரு வாளிக்குள் ஏகப்பட்ட சாமான் போகிறது. சுவரில் ஒட்டிப் பிடிக்க பைண்டர், வெள்ளை நிறத்துக்கு டைட்டானியம் டையாக்சைடு, சுண்ணாம்புக்கல் பவுடர், நுரையை அடக்க டிஃபோமர், கெட்டியாக நிற்க செல்லுலோஸ் திக்னர், காரம் குறையாமல் இருக்க அம்மோனியா. இதில் கிருமி வந்து கெட்டுப்போகாமல் காக்கிற பிரிசர்வேடிவ் நூறு கிலோவுக்கு 200 கிராம் கூட நாங்கள் போடுவதில்லை. அளவு கம்மி என்பதால்தான் அதை வாங்குவதில் யாரும் பெரிதாக மூளையைச் செலவழிப்பதில்லை. நானும் செலவழிக்கவில்லை.

வழக்கமாக வாங்கிக்கொண்டிருந்தது பி.ஐ.டி. என்கிற பிரிசர்வேடிவ், 20 சதவீதச் சரக்கு. கம்பெனி சீல், பேட்ச் நம்பர், டெஸ்ட் ரிப்போர்ட் எல்லாம் கூடவே வரும். ஜனவரியில் ஒரு கெமிக்கல் வியாபாரி வந்தார். "அதே சரக்குதாண்ணே, 200 கிலோ பேரலா இறக்கிச் சின்ன கேன்ல ஊத்தித் தர்றேன், அதான் விலை கம்மி" என்றார். ஏறக்குறைய பாதி விலை. பில் வேண்டாம் என்றால் இன்னும் குறைக்கிறேன் என்றார். சரி என்றேன். வெள்ளைக் கேனில் மார்க்கர் பேனாவால் பெயர் எழுதி, எஸ்டிமேட் சீட்டு ஒன்றைக் கையில் திணித்துவிட்டுப் போனார். மொத்தம் பத்து கிலோ.

அதை வைத்து மூன்று பேட்ச் போட்டோம், 72 வாளி. போட்ட அன்று எல்லாமே சரியாக இருந்தது. விஸ்காசிட்டி, அதாவது கெட்டித்தன்மை, 105 கே.யூ. (பெயிண்டின் கெட்டியை அளக்கும் யூனிட்), பி.எச். 9 (7-க்கு மேலே காரம், கீழே அமிலம்). மூன்றாவது வாரம் குடோனில் இருந்த ஒரு வாளியைத் திறந்தால் பெயிண்ட் மோர் மாதிரி ஓடுகிறது. விஸ்காசிட்டி 80-க்கும் கீழே, பி.எச். 7-க்கும் கீழே. அப்போதே புரிந்திருக்க வேண்டும். திக்னர் குறைவாகப் போட்டுவிட்டான் என்று வேலை செய்யும் பையனைத் திட்டினேன். அவனிடம் பிறகு மன்னிப்புக் கேட்டேன், அது வேறு விஷயம்.

வியாபாரிக்குப் போன் போட்டால், "அண்ணே, வெயில் காலம்ல, இன்னும் ஒரு கிலோ சேர்த்து ஊத்துங்க, நின்னுரும்." ஊற்றினேன். கூடவே திக்னரும் போட்டேன். பத்து நாளில் திரும்பவும் தண்ணீர். இன்னொரு முறை ஊற்றினேன். அதுவும் அப்படியே போனது. இந்த ரிப்பேர் வேலையில் மட்டும் மூன்று கிலோ காலி.

சென்னையில் பெயிண்ட் லேபில் வேலை பார்க்கும் நண்பன் சொன்ன பிறகுதான் விளங்கியது. பாக்டீரியா செல்லுலோஸைத் தின்பதற்காக ஒரு என்சைமை வெளியே விடும். கிருமியைக் கொன்றாலும் அந்த என்சைம் பெயிண்டிலேயே தங்கிவிடும். நாம் புதிதாகப் போடும் செல்லுலோஸ் திக்னரையும் அது வெட்டிக்கொண்டே இருக்கும். கெட்டுப்போன பெயிண்டில் பிரிசர்வேடிவ் ஊற்றுவது, திரிந்த பாலை மறுபடி காய்ச்சுகிற கதைதான்.

அடுத்து அவன் கேட்டது: "பி.எச். பேப்பர் இருக்கா? கேன்ல தொட்டுப் பாரு." பழைய கம்பெனி கேனின் அடியில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அதில் தொட்ட பேப்பர் கருநீலமானது. நான் வாங்கிக்கொண்டிருந்த பி.ஐ.டி. வகை நல்ல காரமாக இருக்கும். புதுக் கேனில் தொட்டால் ஆரஞ்சு, கொஞ்ச நேரத்தில் சிவப்பு. அமிலம்! மூன்று ரூபாய் பேப்பர் ஜனவரியிலேயே சொல்லியிருக்கும்.

லேபுக்கு அனுப்பினோம். உள்ளே இருந்தது சி.எம்.ஐ.டி.-எம்.ஐ.டி. என்கிற 1.5 சதவீதச் சரக்கு. அதுவும் பிரிசர்வேடிவ்தான், வேறு இடங்களில் நன்றாகவே வேலை செய்யும். ஆனால் அம்மோனியா போட்டு பி.எச். 9-ல் நிறுத்துகிற பெயிண்டில் அது நிலைக்காமல் சிதைந்துவிடும். அப்புறம்தான் இன்னொன்று உறைத்தது. கேனில் இருந்து அளந்து ஊற்றிய பையனுக்குக் கையில் கொப்புளம் வந்து இரண்டு வாரம் அவதிப்பட்டான். இந்தச் சரக்கு தோலுக்கு ஆகவே ஆகாது. உள்ளே இருப்பது இதுதான் என்று கேனில் எழுதியிருந்தால் கிளவுஸ் இல்லாமல் தொட விட்டிருக்க மாட்டேன். பணம் போனதை விட எனக்கு இதுதான் ஆத்திரம்.

என் பக்கமும் தப்பு இருக்கிறது. போர்வெல் தண்ணீர் பிடிக்கும் தொட்டியை ஒரு வருடமாகக் கழுவவில்லை; உள்ளே கை விட்டால் வழவழவென்று இருந்தது. நல்ல பிரிசர்வேடிவ் இத்தனை நாள் அதை மறைத்திருக்கிறது. இப்போது மாதம் ஒரு முறை பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவுகிறோம்.

வக்கீலைப் பார்த்தேன். தொழிலுக்கு வாங்கிய சரக்கு என்பதால், சுயதொழிலில் பிழைப்பவர் என்று காட்ட முடிந்தால்தான் நுகர்வோர் நீதிமன்றம் பக்கம் போகலாம். அதைக் காட்டினாலும் வாங்கியதற்கு பில் மாதிரி உருப்படியான ஆதாரம் வேண்டும். நான் எஸ்டிமேட் சீட்டை நீட்டினேன். அவர் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடமே கொடுத்தார். வியாபாரி இப்போது போனை எடுப்பதில்லை.

இப்போது செய்வது இவ்வளவுதான். சீல் உடைத்த கேன் எதுவும் உள்ளே வரக்கூடாது. ஒவ்வொரு கேனில் இருந்தும் 100 மில்லி எடுத்துத் தேதி எழுதி வைக்கிறோம். புதுச் சரக்கு என்றால் முதலில் ஒரு லிட்டர் பெயிண்ட் மட்டும் கலக்கி, கெட்டுப்போன பழைய பெயிண்டில் ஒரு ஸ்பூன் அதில் விட்டு, மூன்று வாரம் வெதுவெதுப்பான இடத்தில் மூடி வைப்போம். நாறவில்லை, நீர்க்கவில்லை என்றால்தான் பேட்ச்.

அந்தக் கேனில் மூன்று கிலோ மிச்சம் இருக்கிறது. ஆபீஸ் மேஜைக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். சாம்பிள் கொண்டு வருகிறவர் யாராக இருந்தாலும், முதலில் அதில் ஒரு பேப்பரைத் தொட்டுக் காட்டிவிட்டு, அப்புறம் அவர் பாட்டிலைத் திறக்கச் சொல்கிறேன். போன வாரம் வந்தவர் வண்டியில் ரிப்போர்ட்டை விட்டுவிட்டேன், எடுத்து வருகிறேன் என்று போனார். அவருக்கு வாங்கி வந்த டீயைப் பையன் குடித்தான்.